எபாக்ஸி போட்டுத் தேய்த்த ரோஸ்வுட் முதுகு திட்டுத்திட்டாகத் தெரிகிறது: இன்னொரு கோட் பூசுவதா, மரம் வரை இறக்குவதா?

மூன்றாவது_கிதார்:

வணக்கம். கையால் செய்யும் மூன்றாவது கிதார் இது. முதுகும் பக்கப் பலகைகளும் ரோஸ்வுட், கழுத்து மஹோகனி, முகப்பு ஸ்ப்ரூஸ், ஓரத்துக்கு மேப்பிள் பைண்டிங். கடைசியில் நைட்ரோ லாக்கர் (தின்னரில் கரையும் பளபளப்புப் பூச்சு) ஸ்ப்ரே செய்வதாக எண்ணம். மர வேலை எல்லாம் முடிந்துவிட்டது, மரத்தின் நுண்துளைகளை ஃபில்லரால் அடைக்கும் கட்டத்தில் வந்து நிற்கிறேன்.

முதல் கிதாரில் தனியாக ஃபில்லர் எதுவும் போடவில்லை. லாக்கரையே கோட் மேல் கோட்டாக அடித்துத் தேய்த்துத் தேய்த்து நிரப்பினேன். முடித்த அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ட்யூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் முதுகு முழுக்க ஊசியால் கீறின மாதிரி சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொரு துளையும் மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. இரண்டாவதில் தண்ணீரில் கரையும் ஃபில்லர் போட்டேன். அது அமுங்கவில்லை, ஆனால் கருமையான மரத்தில் துளைகள் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டன, லாக்கர் அடித்த பிறகும் அந்தச் சாம்பல் போகவே இல்லை.

அதனால் இந்த முறை எபாக்ஸி. பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் ஒன்றுக்கு ஒன்று கலக்கும் வகை. பழைய பிளாஸ்டிக் அட்டையால் ரேகைக்குக் குறுக்காக இழுத்துப் பூசினேன், ஒரு நாள் விட்டு இரண்டாவது கோட், அதற்கப்புறம் இரண்டு நாள் காயவிட்டு 220 உப்புத்தாளில் ஆரம்பித்து 320 வரை தேய்த்தேன். இப்போது மூன்று பிரச்சினை.

முதலாவது, முதுகு தேசப்படம் மாதிரி இருக்கிறது. சில இடம் ஈரமாகக் கருத்து ஆழமாகத் தெரிகிறது, சில இடம் வெளிறி வறண்டு கிடக்கிறது, நடுவில் கோடு கிழித்தாற்போல எல்லை. இரண்டாவது, இடுப்பு வளைவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் இன்னும் இளக்கமாக இருக்கிறது, தேய்த்தால் உப்புத்தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டுகிறது. மூன்றாவது, வெளிச்சத்தைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தால் குண்டூசி முனை அளவு பளபளப்பான புள்ளிகள் அங்கங்கே மின்னுகின்றன.

நான் கேட்பது இதுதான். எல்லாவற்றையும் மரம் வரை இறக்கிவிடட்டுமா, அல்லது இதன் மேலேயே இன்னொரு கோட் போடலாமா? பக்கப் பலகை இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான், தேய்த்துக்கொண்டே போக பயமாக இருக்கிறது.


பழைய_உளி:

தம்பி, பயப்பட வேண்டாம், கிதார் பிழைத்துக்கொள்ளும். நான் எபாக்ஸியை ஃபில்லராகப் பயன்படுத்த ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகிறது, நீங்கள் சொன்ன மூன்றையும் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

திட்டு. இதுதான் எபாக்ஸியில் எல்லாரும் முதலில் மாட்டும் இடம். எபாக்ஸி மேலே மெல்லிய படலமாக நிற்கிற இடத்தில் மரம் நனைந்த மாதிரித் தெரியும், ரேகை எழும்பி ஆழம் வரும். நீங்கள் தேய்த்துப் படலத்தைத் தாண்டி மரத்துக்கு இறங்கின இடத்தில் புது நார் வெளியே வந்துவிடுகிறது, அது வறண்ட மரம், வெளிறித்தான் இருக்கும். ஆக, பாதி இடத்தில் படலம், பாதி இடத்தில் மரம். இப்படி அரைகுறையாக நிறுத்துவதுதான் தப்பு. மரம் வரை முழுசாக இறக்கி எபாக்ஸி துளைக்குள் மட்டும் நிற்கும்படி செய்யலாம், அல்லது முதுகு முழுக்க ஒரே சீராகப் படலம் நிற்கும்படி விடலாம், இரண்டுமே சரியான வழிதான். நடுவில் நிற்கக்கூடாது.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் இரண்டாவது வழியில் போவேன். மரம் வரை இறக்குவது கேட்க சுத்தமாக இருக்கும், ஆனால் எபாக்ஸி ரோஸ்வுட்டைவிடச் சீராகத் தேயாது, எங்கேயாவது ஒரு மூலையில் கொஞ்சம் மிச்சம் நின்றே தீரும், அதைத் துரத்திக்கொண்டு போகும்போதுதான் பக்கப் பலகை மெலிந்துபோகும். அதுவும் இடுப்பு வளைவில் உள்பக்கம் குழிவு, கட்டை வைத்துத் தேய்க்க முடியாது, விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். அதற்குப் பதில் மேடு பள்ளம் இல்லாமல் மட்டமானதும் நிறுத்திவிட்டு, கடைசியாக மிக மெல்லிசாக ஒரு கை துடைத்து விட்டால் போதும். பூசுவது என்றே சொல்ல மாட்டேன், துடைப்பதுதான். நார் உதிராத துணியை மடித்து எபாக்ஸியில் தொட்டு முதுகு முழுக்கத் தேய்த்துவிட்டு, காய்ந்த துணியால் உடனே வழித்துவிட வேண்டும். வெளிறின இடம் குடிக்கும், கருத்த இடம் அப்படியே இருக்கும், இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

இந்தக் கடைசிக் கோட்டை ஆல்கஹால் விட்டு இளக்கிக்கொள்கிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் கடைசிக் கோட்டுக்கு மட்டும்தான். துளை நிரப்பும் கோட்டுகளில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். லாக்கர் ஏன் ஆறு மாதத்தில் அமுங்கியது? ஸ்ப்ரே செய்யும் லாக்கரில் பெரும்பகுதி தின்னர்தான், அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறும், வெளியேற வெளியேற மிச்சம் சுருங்கும், துளைக்கு மேலே நின்றது துளைக்குள் இறங்கும். எபாக்ஸியில் ஆவியாகிப் போக ஒன்றும் இல்லை, பிசினும் ஹார்டனரும் ஒன்றோடு ஒன்று வினைபுரிந்து அப்படியே இறுகுகின்றன, போட்ட அளவு அப்படியே நிற்கும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு படுகிறோம். அதில் கரைப்பானை ஊற்றினால் அந்த ஒரே நல்ல குணத்தை நாமே கெடுத்த மாதிரி.

திட்டு எவ்வளவு மோசம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் நாப்தாவை (சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான்) துணியில் தொட்டு முதுகைத் துடையுங்கள். ஈரமாக இருக்கும் அந்த அரை நிமிடத்தில் எப்படித் தெரிகிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் லாக்கருக்குக் கீழேயும் தெரியும். ஈரத்தில் எல்லை மறைந்துவிட்டால் கவலையே இல்லை. ஈரத்திலும் எல்லை தெரிந்தால் அது கண்டிப்பாகக் கடைசி வரை தெரியும். இதை ஆல்கஹால் வைத்துச் செய்யாதீர்கள், ரோஸ்வுட்டின் நிறத்தை ஆல்கஹால் கரைத்து இழுத்துக்கொண்டு வரும், பக்கத்தில் மேப்பிள் பைண்டிங் இருக்கிறது, ஒரே இழுப்பில் அது ஊதா கலந்த காவி ஆகிவிடும். அந்தக் கறை மேப்பிளுக்குள் இறங்கிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இளக்கமான இடம். அது கலவைக் கோளாறு. ஒரு கேள்வி, கோப்பையில் கலக்கும்போது ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலந்தீர்களா? கடைசியில் கோப்பையைச் சுரண்டி எடுத்துப் பூசின இடமாக அது இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஓரத்தில் ஒட்டியிருப்பது பாதி கலந்தும் கலக்காமலும் இருக்கும். முதலில் அறையைக் கொஞ்சம் சூடாக வைத்து, 35 டிகிரி போதும், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாமல் போனால் தாமதமாகக் காய்ந்தது என்று அர்த்தம், விட்டுவிடலாம். தடம் விழுந்தால் அது என்றைக்கும் காயாது. மேலே புதுக் கோட் போட்டு மூடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அடியில் ரப்பர் மாதிரி இருக்கும், லாக்கர் அதன் மேலே சுருக்கம் விழுந்து நிற்கும். ஸ்கிரேப்பரால் (மரம் சுரண்டும் மெல்லிய எஃகுத் தகடு) வழித்து எடுத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் புதுசாக நிரப்புங்கள்.

புள்ளிகள். அவை காற்றுக் குமிழ் உடைந்த குழிகள். எபாக்ஸி மரத் துளையின் அடிவரை போகாமல் அதன் வாயில் மூடி மாதிரி உட்கார்ந்துவிட்டது, தேய்த்ததும் மூடி திறந்துகொண்டது. குழிக்குள் உப்புத்தாள் போகாததால் பளபளப்பாகவே இருக்கிறது, அதனால்தான் மின்னுகிறது. இதற்கு மரத்தைக் கொஞ்சம் சூடாக்குங்கள், ஹேர் டிரையர் போதும், உள்ளங்கைக்கு இளஞ்சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சூட்டை நிறுத்திவிட்டு உடனே பூசுங்கள். மரம் ஆற ஆறத் துளைக்குள் இருக்கும் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுக்கும். பூசின பிறகு சூடாக்கினால் இதற்கு நேர் எதிராக நடக்கும், காற்று விரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். காலையில் அறை சூடேறிக்கொண்டு வரும் நேரத்தில் பூசினாலும் இதே கதைதான். நான் எப்போதும் சாயங்காலம்தான் பூசுவேன்.


வெண்டேக்கு:

பழைய உளி சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, பூசி இரண்டு நாள் காயவிட்டேன் என்கிறீர்கள், தேய்ப்பதற்கு முன்னால் கழுவினீர்களா? சில எபாக்ஸிகள் காயும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு விடும், ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது. ஈரப்பதம் அதிகமான நாளில் இன்னும் அதிகம். விரலால் தடவினால் சோப்பு மாதிரி வழுக்கும். அது தண்ணீரில் கரையும், தின்னரில் சரியாகப் போகாது. வெறும் தண்ணீரில் நனைத்த பாத்திரம் தேய்க்கும் நார்ப் பட்டையால் லேசாகத் தேய்த்து, துடைத்து, உலரவிட்டு, அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கை உள்ளே தேய்த்து ஏற்றின மாதிரி ஆகும், பிற்பாடு லாக்கர் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும்.

இன்னொன்று, விகிதம். பாலியெஸ்டர் ரெசின் பழகினவர்கள் செய்கிற தப்பு இது. அதில் ஹார்டனர் கூட்டினால் சீக்கிரம் இறுகும், அங்கே அது வினையூக்கி. எபாக்ஸியில் அப்படி இல்லை, ஹார்டனரும் சம பங்காளி, ஒவ்வொரு பங்குக்கும் எதிர்ப்பங்கு வேண்டும், கூட்டினாலும் குறைத்தாலும் மிச்சம் ஜோடி கிடைக்காமல் இளக்கமாகவே நிற்கும். ஒரே கம்பெனியில்கூட ஹார்டனர் மாறினால் விகிதம் மாறும். வெஸ்ட் சிஸ்டம் 105 பிசினுக்கு 205 அல்லது 206 ஹார்டனர் என்றால் ஐந்துக்கு ஒன்று, 207 என்றால் மூன்றுக்கு ஒன்று. நீங்கள் சொல்கிற ஒன்றுக்கு ஒன்று வகைகளில் அந்த ஒன்று பெரும்பாலும் கன அளவுதான், எடை இல்லை. பிசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி கிடையாது. ஒரு கிதார் முதுகுக்கு வேண்டியது சில மில்லிலிட்டர்தான், அதில் கண் மதிப்பு சரிப்படாது. ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எது எதற்கு என்று மேலே எழுதி வையுங்கள்.


கையுறை_மறக்காதே:

எல்லாரும் மரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு வருடம் வெறும் கையோடு எபாக்ஸி பூசினேன். ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். விரலில் ஒட்டினதைத் தின்னர் தொட்டுத் துடைப்பேன். மூன்றாவது வருடம் ஒரு நாள் காலையில் மணிக்கட்டு முழுக்கச் சிவந்து தடித்துப் போயிருந்தது, இரண்டு நாளில் கண் இமை வீங்கிவிட்டது. மருத்துவர் ஒவ்வாமை என்றார். இது கூடிக்கொண்டே போகிற ஒவ்வாமை, ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு மறக்காது. இப்போது பக்கத்து மேஜையில் யாராவது அரைகுறையாகக் காய்ந்த எபாக்ஸியைத் தேய்த்தால் அந்தத் தூசிக்கே எனக்கு முகம் அரிக்கும். அதனால் எபாக்ஸியை அடியோடு விட்டுவிட வேண்டியதாயிற்று.

நைட்ரைல் கையுறை போடுங்கள், ஒட்டினதும் மாற்றுங்கள், ஒரே கையுறையோடு மூன்று மணி நேரம் இருக்காதீர்கள். தோலில் பட்டால் சோப்புத் தண்ணீர், தின்னரோ ஆல்கஹாலோ வேண்டவே வேண்டாம், அவை எபாக்ஸியைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். முழுசாகக் காயாததை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசியில் வினைபுரியாத ஹார்டனர் இருக்கும். இளக்கமான அந்த உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதை ஸ்கிரேப்பரால் சுருள் சுருளாக வழித்தெடுங்கள், தூசி பறக்காது. ரோஸ்வுட் தூசியும் பலருக்கு ஒவ்வாமை தரும். சாதாரணத் துணி முகமூடி இதற்கெல்லாம் போதாது, தூசிக்கென்றே உள்ள நல்ல ஃபில்டர் வைத்த முகமூடி வேண்டும்.


மூன்றாவது_கிதார்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். முகமூடி போட்டிருந்தேன், கையுறை பூசும்போது மட்டும்தான் போட்டேன், தேய்க்கும்போது போடவில்லை. இனிமேல் போடுகிறேன்.

நாப்தா வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான எல்லைகள் மறைந்துவிட்டன, ஆனால் அடிப்பக்கம் ஒரு இடத்தில் ஈரத்திலும் தெரிகிறது. கோப்பை விஷயம் நீங்கள் சொன்னதுதான், கடைசியில் வழித்துப் பூசின இடம் அதே இடுப்புப் பக்கம். கழுவவும் இல்லை.

இன்னொரு சந்தேகம். ஸ்ப்ரூஸ் முகப்பின் ஓரத்தில் ஒரு இடத்தில் எபாக்ஸி வழிந்து காய்ந்திருக்கிறது, கால் விரல் நகம் அளவு. முகப்புக்கும் சேர்த்து ஒரு மெல்லிய கை எபாக்ஸி துடைத்துவிட்டால் நிறம் ஒன்றாகிவிடுமா?


பழைய_உளி:

வேண்டாம். முகப்பில் எபாக்ஸி வைக்கவே வைக்காதீர்கள். ஸ்ப்ரூஸில் அடைக்க வேண்டிய துளையே கிடையாது, ரோஸ்வுட், மஹோகனி, வால்நட் மாதிரி மரங்களில்தான் திறந்த துளை இருக்கிறது, ஸ்ப்ரூஸும் மேப்பிளும் அந்த வகையில் சேராது. மேலும் முகப்புதான் அதிர வேண்டிய பலகை, அங்கே தேவையில்லாத எடையும் படலமும் எதற்கு. தந்திகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜை ஒட்டும் இடத்தில் எபாக்ஸி ஊறியிருந்தால் பசை மரத்தைப் பிடிக்காது. அதே காரணத்துக்காகக் கழுத்து வந்து உட்காரும் இடத்தையும் விரல் பலகை ஒட்டும் பரப்பையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் எபாக்ஸி டப்பாவையே திறக்க வேண்டும்.

வழிந்த அந்த நகமளவு இடத்தைக் கூர்மையான ஸ்கிரேப்பரால் ஒரு ஒரு சுருளாக எடுங்கள். ஸ்ப்ரூஸ் ரொம்ப மிருது, எபாக்ஸி கடினம், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் சுற்றியுள்ள ஸ்ப்ரூஸ்தான் முதலில் பள்ளமாகும், எபாக்ஸி திட்டு மாதிரி மேலே நிற்கும். சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுச் சுரண்டினால் பயமில்லை. எடுத்த பிறகும் நிழல் மாதிரி லேசாகத் தெரிந்தால், முகப்பு முழுவதற்கும் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். இனி அடுத்த கிதாரில் துளை அடைக்கும் முன்னாலேயே முகப்புக்கும் பைண்டிங்குக்கும் அரக்கு பூசிவிடுங்கள். எது வழிந்தாலும் அரக்கின் மேலே நிற்கும், ரோஸ்வுட் சாயமும் மேப்பிளுக்குள் இறங்காது.

லாக்கர் பற்றியும் ஒன்று. லாக்கர் தன் மேல் தானே அடிக்கும்போது பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த எபாக்ஸியை அது கரைக்காது, கீறலில் பிடித்துத்தான் நிற்க வேண்டும். அதனால் 320-ல் சீராகத் தேய்த்து மங்கலாக்கி நிறுத்துங்கள், 600, 800 என்று பளபளப்பாக்கிக்கொண்டு போகாதீர்கள். நடுவில் வினைல் சீலரோ (லாக்கருக்கு அடியில் போடும் பிடிப்புப் பூச்சு) அரக்கோ ஒரு கோட் போனால் இன்னும் நல்லது.


அரக்கும்_கல்லும்:

எல்லாரும் எபாக்ஸியோடு போய்விட்டீர்கள், எதிர்ப்பக்கமும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் எபாக்ஸி போடுவதில்லை, அரக்கைத் துணி உருண்டையால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்ச் பாலிஷ்தான், துளை அடைப்பதும் பியூமிஸ் கல் (நுரைக்கல்) தூளை வைத்துத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதே அழகு. பஞ்சைத் துணியில் பொதிந்து உருண்டை செய்து, ஆல்கஹால் தொட்டு, மேலே ஒரு சிட்டிகை பியூமிஸ் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் கல் தூள் மரத்தை நுணுக்கமாக அரைக்கும். அந்த மரத்தூளும் கல் தூளும் முன்பே பூசியிருந்த அரக்கும் சேர்ந்து குழைந்து துளைக்குள் போய் அடைகிறது. அதாவது துளைக்குள் போவதில் பெரும்பங்கு அந்த மரமேதான், அதனால் நிறம் விலகித் தெரியாது, திட்டு என்ற பேச்சே இல்லை. தேய்க்கும்போது உருண்டைக்கு அடியில் முதலில் சரசரவென்று இருக்கும், துளை நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் குறைந்து துணி வழுக்க ஆரம்பிக்கும், காதை வைத்தே சொல்லிவிடலாம். கை வலிக்கும், ஒரு முதுகுக்கு எனக்கு நாலைந்து அமர்வு ஆகிறது. மேப்பிள் பைண்டிங் பக்கம் போகும்போது சாயம் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். சில மாதத்தில் கொஞ்சம் அமுங்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன், அப்போது இன்னொரு முறை அரக்கு உருண்டையை ஓட்டினால் சரியாகிவிடும்.

எனக்கு எபாக்ஸியில் உள்ள மனத்தாங்கல் பழுது பார்ப்பதில்தான். இருபது வருடம் கழித்து இந்தக் கிதாரின் முதுகு ஒரு இடத்தில் வெடித்தால் பழுது பார்க்கிறவர் சூடும் ஈரமும் கொடுத்து ஒட்டப் பார்ப்பார், துளைக்குள் எபாக்ஸி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அறை வெப்பத்தில் காய்ந்த எபாக்ஸி பலவும் 50, 60 டிகிரியைத் தொட்டாலே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்தின காருக்குள் கறுப்புப் பெட்டியில் கிதார் கிடந்தால் அந்தச் சூடு வருவது பெரிய விஷயம் இல்லை, அப்போது எபாக்ஸி ஒரு மாதிரி விரியும் மரம் ஒரு மாதிரி விரியும், மேலே இருக்கும் லாக்கரில் துளை வரிசை அப்படியே பதிந்து தெரிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


பழைய_உளி:

அரக்கும் கல்லும் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, கிளாசிக்கல் கிதாருக்கு பிரெஞ்ச் பாலிஷ் என்றால் நானும் பியூமிஸ்தான் எடுப்பேன், அங்கே அரக்கோடு அரக்கு சேர்கிறது, நடுவில் எபாக்ஸி வந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இவர் நைட்ரோ லாக்கர் அடிக்கப் போகிறார், கண்ணாடி மாதிரி மட்டமாக, ஆண்டுக்கணக்கில் அமுங்காமல் இருக்க வேண்டும் என்கிறார். அதற்கு நான் பார்த்தவரை எபாக்ஸியை மிஞ்சியது இல்லை. பழுது விஷயத்துக்கு நான் செய்வது, ஒலித்துளைக்குள் ஒட்டும் லேபிளிலேயே என்ன ஃபில்லர், என்ன லாக்கர், எந்த வருடம் என்று எழுதிவிடுவேன். பின்னால் திறக்கிறவருக்கு அந்த ஒரு வரி போதும். காரில் விடும் விஷயத்தில் அவர் சொல்வது சரி, ஆனால் அந்தச் சூட்டில் பிரிட்ஜ் பசையும் சேர்ந்துதான் விட்டுக்கொடுக்கும், எந்த ஃபில்லர் போட்டாலும் கிதாரை அங்கே விடக்கூடாது.

மூன்றாவது கிதாருக்குக் கடைசியாக ஒன்று, முதுகில் கை வைப்பதற்கு முன்னால் அதே ரோஸ்வுட்டின் மிச்சத் துண்டு இருக்குமே, அதில் எபாக்ஸியிலிருந்து லாக்கர் வரை எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். துண்டில் பாதியை மரம் வரை இறக்குங்கள், பாதியில் படலத்தை விடுங்கள். நான் சொல்வதைவிட அந்தத் துண்டு சொல்வதை நம்புங்கள்.


மூன்றாவது_கிதார்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும், முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

துண்டில் செய்து பார்த்தேன். மரம் வரை இறக்கின பாதி கொஞ்சம் தட்டையாக இருந்தது, படலம் விட்ட பாதியில் ரேகை உள்ளேயிருந்து எழும்பி வருகிறது, கையில் பிடித்துத் திருப்பினால் கருங்கோடுகள் நகர்கிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் முடிவு பண்ணிவிட்டேன். இளக்கமான இடத்தை ஒரு நாள் சூட்டில் வைத்தும் நகத் தடம் விழுந்தது, ஸ்கிரேப்பரால் வழித்தேன், சூயிங்கம் மாதிரி வந்தது. சிரிஞ்சில் அளந்து புதுக் கலவை போட்டு, கலந்ததை வேறொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலந்து, சாயங்காலம் மரத்தை இளஞ்சூடாக்கிப் பூசினேன். மறுநாள் தண்ணீரில் கழுவினேன், துடைத்த துணி உண்மையாகவே வழுவழுப்பாக இருந்தது, முதல் முறை அதை அப்படியே மேலே தேய்த்து ஏற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தவை பத்துப் பன்னிரண்டாகக் குறைந்தன, அவற்றைப் பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு நிரப்பினேன். கடைசியில் துணியால் ஒரு துடைப்பு. அடிப்பக்கம் ஈரத்திலும் தெரிந்த அந்த எல்லை இன்னும் கொஞ்சம் தெரிகிறது, எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் தேடினால் கண்டுபிடிப்பார்.

முகப்பில் வழிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டேன், அரக்கு போட்ட பிறகு நிழல் தெரியவில்லை. முதுகுக்கு வினைல் சீலர், மேலே லாக்கர், கடைசிக் கோட் அடித்து இன்றைக்குப் பத்து நாள். இன்னும் இரண்டு வாரமாவது தொங்கவிட்டு அப்புறம்தான் பாலிஷ். மஹோகனி கழுத்துக்கும் இதே முறையில் எபாக்ஸிதான் போட்டேன், அங்கே திட்டே வரவில்லை.

அரக்கும் கல்லும் அவர்களுக்கு, அடுத்த கிதார் கிளாசிக்கல், பியூமிஸில் செய்யப் போகிறேன். அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதற்கு எந்த அளவு நுண்மையான தூள் எடுப்பது?


அரக்கும்_கல்லும்:

பொட்டலத்தில் 4எஃப் என்று போட்டிருக்கும், மிக நுண்மையான தூள், அதை வாங்குங்கள். நேரடியாக மரத்தில் தூவாதீர்கள், உருண்டையின் அடியில் சிட்டிகை தொட்டு, துணியில் தூள் வெள்ளையாகத் தெரியாத அளவுக்கு ஆல்கஹால் விட்டு ஆரம்பியுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் ஈரம் போதவில்லை, அப்படியே தேய்த்தால் துளைக்குள் வெள்ளையாகவே நின்றுவிடும். ரோஸ்வுட் என்றால் தொடங்கும் முன்னால் மேப்பிளுக்கு அரக்கு கொடுக்க மறக்க வேண்டாம். துண்டில் முதல் அமர்வு முடிந்ததும் இங்கே எழுதுங்கள்.